கழிப்பறைகளை எண்ணினார்கள், குழிக்குள் இறங்குபவரை எண்ணவில்லை

மலக்குழிக்குள் இறங்கியவர் விஷவாயு தாக்கிச் சாகும்போதெல்லாம் ஒரே காட்சிதான் நடக்கிறது. ஒப்பந்தக்காரர் மீது வழக்கு, இழப்பீடு அறிவிப்பு, இரங்கல் செய்தி, பிறகு மறதி. அடுத்த ஊரில் அடுத்த குழி, அடுத்த சாவு. ஒரே மாதிரியான சாவு, ஒரே சாதிகளைச் சேர்ந்தவர்களுக்கு, ஆண்டுக்கணக்கில் நடக்கிறதென்றால் அதை விபத்து என்று அழைக்க நாங்கள் தயாராக இல்லை.

வளர்ச்சித் திட்டங்களைப் பற்றிப் பேசுகிற நிபுணர்கள் இப்போது ‘சிஸ்டம்ஸ் சயின்ஸ்’ என்கிற அமைப்புமுறை அறிவியலை அடிக்கடி குறிப்பிடுகிறார்கள். எதையும் தனித்தனியாகப் பார்க்காதே, ஒன்று இன்னொன்றை எப்படி இயக்குகிறது என்று பார் என்பதுதான் அதன் சாரம். நல்ல அறிவியல்தான். ஆனால் எந்த அமைப்பை ஆராய்ந்தாலும் முதலில் அதற்கு ஓர் எல்லைக்கோடு போட வேண்டும். அந்தக் கோட்டைப் போடுவது யார், கோட்டுக்கு வெளியே நிற்பது யார் என்பதே எங்கள் கேள்வி.

2015-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட நீடித்த வளர்ச்சிக்கான 17 இலக்குகளில் ஆறாவது, அனைவருக்கும் தண்ணீரும் சுகாதாரமும். எட்டாவது, கண்ணியமான வேலை. இந்தியாவில் தூய்மை இந்தியா திட்டம் 2014 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. வீட்டுக் கழிப்பறைக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகை. பத்துக் கோடிக் கழிப்பறைகளைக் கட்டிவிட்டதாக 2019-இல் அரசு அறிவித்தது. கழிப்பறை தேவைதான். இருட்டும்வரை காத்திருந்த எங்கள் பெண்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் கணக்கு கழிப்பறைக் கதவோடு நின்றுவிட்டது. தொட்டி நிறைய சில ஆண்டுகள் ஆகும். நிறைந்த பிறகு அள்ளுவது யார்? திட்டத்தின் வெற்றி இன்று பதிவாகிறது. அதன் சுமை பின்னால், வேறொருவர் தலையில் இறங்குகிறது. ஆறாவது இலக்கில் மதிப்பெண் ஏறுகிறது. எட்டாவதில் ஒருவர் சாகிறார்.

இதற்குத் தொழில்நுட்பத் தீர்வு இல்லாமல் இல்லை. கிராமங்களுக்கு அரசே பரிந்துரைத்தது இரட்டைக் குழிக் கழிப்பறையை. ஒரு குழி நிறைந்ததும் மூடிவிட்டு மற்றதைப் பயன்படுத்தினால், மூடிய குழியில் இருப்பது ஓராண்டுக்கு மேல் மக்கி எருவாகிவிடும். ஆனாலும் வசதி உள்ளவர்கள் பெரிய செப்டிக் தொட்டியையே விரும்பினார்கள். காரணம், மக்கிய எருவைக்கூடத் தன் கையால் அள்ளுவது தீட்டு. அந்த வேலைக்கென்று ஒரு சாதி இருக்கிறது என்ற நினைப்பு. டயான் காஃபியும் டீன் ஸ்பியர்ஸும் 2017-இல் எழுதிய நூல், வட இந்தியக் கிராமங்களில் இந்தத் தீட்டு மனநிலை கழிப்பறைப் பயன்பாட்டையே எப்படித் தடுக்கிறது என்று காட்டியது. தொட்டியின் அளவைத் தீர்மானிப்பதில் பொறியியலோடு சாதியும் உட்கார்ந்திருக்கிறது.

இனி சுழற்சியைப் பாருங்கள். குறைந்த கூலிக்கு இறங்க ஆள் கிடைப்பதால் இயந்திரத்துக்குச் செலவு செய்ய யாருக்கும் அவசரமில்லை. இயந்திரம் வராததால், குறுகிய சந்துக்குள் லாரி நுழைய முடியாததால், அடியில் இறுகிய கசடைக் குழாய் உறிஞ்சாததால் மறுபடி ஆள் தேவைப்படுகிறது. அந்தக் கூலியில் குடும்பம் மேலே வர முடிவதில்லை. அடுத்த தலைமுறையும் குழியருகே நிற்கிறது. இப்படித் தன்னைத் தானே வலுப்படுத்திக்கொள்ளும் ஏற்பாடாகச் சாதியை நமக்குப் புரிய வைத்தவர் அண்ணல் அம்பேத்கர். 2024-இல் வெளியான ஒன்றிய அரசின் கணக்கெடுப்பில், விவரம் பதிவான சுமார் 38,000 கழிவுநீர், செப்டிக் தொட்டித் தொழிலாளர்களில் ஏறக்குறைய 69 சதவீதம் பட்டியல் சாதியினர். ஆனால் 17 இலக்குகளின் பட்டியலில் ‘சாதி’ என்ற சொல்லே கிடையாது.

‘வளர்ச்சியின் எல்லைகள்’ நூலின் ஆசிரியர்களில் ஒருவரான டொனெல்லா மெடோஸ், ஓர் அமைப்பை மாற்றத் தலையிடக்கூடிய 12 இடங்களை 1999-இல் வரிசைப்படுத்தினார். அதில் மிகப் பலவீனமானது, எண்களை மட்டும் கூட்டிக் குறைப்பது. நாம் கண்டது அதைத்தான். 2014-இல் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. 2023-இல் அது 30 லட்சமானது. குடும்பத்துக்கு அது உரிமை, ஒரு ரூபாய் குறையாமல் கிடைத்தாக வேண்டும். ஆனால் சாவை உற்பத்தி செய்யும் அமைப்பை அது தொடுவதில்லை.

தொட வேண்டிய இடங்கள் வேறு. முதலாவது, தகவல். குழிச் சாவுகளை ‘அபாயகரமான சுத்திகரிப்பு’ என்று தனிப் பெயரில் பதிந்துவிட்டு, கையால் மலம் அள்ளுவதால் யாரும் சாகவில்லை என்று நாடாளுமன்றத்தில் சொல்வதை நிறுத்த வேண்டும். தூய்மை நகரப் பட்டியல் வெளியிடும்போது அந்த நகரத்தின் குழிச் சாவுகளையும் அதே பக்கத்தில் அச்சிட வேண்டும். இரண்டாவது, விதி. தொட்டியை எந்த வாகனம் காலி செய்யும், கசடு எங்கே போகும் என்று காட்டாத கட்டடத்துக்கு அனுமதி தரக்கூடாது. 2013 சட்டத்தின்படி வழக்கு ஒப்பந்தக்காரரோடு நிற்காமல், வேலை கொடுத்த நிர்வாகம் வரை போக வேண்டும். மூன்றாவது, எல்லைக்கோடு. திட்டம் தீட்டும் மேசையில் தூய்மைப் பணியாளர்கள் உட்கார வேண்டும். குழியின் ஆழம் அவர்களுக்குத்தான் தெரியும்.

வரைபடத்தில் அம்புக்குறிகளை எத்தனை வேண்டுமானாலும் போடுங்கள், நாங்கள் மறுக்கவில்லை. அதில் ஓர் அம்பு குழிக்குள்ளும் இறங்க வேண்டும். அங்கே யார் நிற்கிறார், ஏன் அவர் மட்டும் நிற்கிறார் என்று சொல்லாத வளர்ச்சி, யாருக்கு நீடித்த வளர்ச்சி?