பெயர் நமக்கு, ஆரவாரம் கோவைக்கு!

(மூன்றாம் ஆண்டு இளங்கலை வரலாறு)

“சென்னையில் கால்பந்தாட்டத்துக்கு ஏது இடம்?” என்று கேட்பவர்கள் நம் வகுப்பறைகளிலேயே உண்டு. அவர்களுக்கு 2018-19ஆம் ஆண்டின் ஐ-லீக் போட்டிகளை நினைவூட்ட விரும்புகிறேன். அன்று நாட்டின் இரு முதல்தர லீக்குகளுள் ஒன்றாக இருந்த அப்போட்டியில் வாகை சூடியது ‘சென்னை சிட்டி’ அணி! மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் எத்தனை பேர் இதை அறிவர்?

பதினோரு அணிகள், ஒவ்வொன்றுக்கும் 20 ஆட்டங்கள். சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளர். பெத்ரோ மான்சி மட்டும் 21 கோல்கள் அடித்தார். நம் மாநிலத்து எட்வின் வான்ஸ்பாலும் அலெக்ஸாண்டர் ரொமாரியோ ஜேசுராஜும் அயல்நாட்டு வீரர்களுக்கு ஈடாக ஆடினர்.

2019 மார்ச் 9, கடைசி நாள். சென்னைக்கு 40 புள்ளிகள். ஈஸ்ட் பெங்காலுக்கு 39. முந்தைய ஆண்டின் சாம்பியனான மினர்வா பஞ்சாப் தொடக்கத்திலேயே ஒரு கோல் போட்டுவிட்டது. கோழிக்கோட்டிலோ ஈஸ்ட் பெங்கால் வென்றது. சென்னை சமன் செய்திருந்தாலும் கோப்பை கல்கத்தாவுக்குப் போயிருக்கும். ஆனால் மான்சி ஒரு கோலும் கௌரவ் போரா இரண்டு கோல்களும் அடிக்க, 3-1 என வெற்றி! ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் கிடைத்த பட்டம் அது.

இத்தனையும் நடந்தது எங்கே? கோவை நேரு விளையாட்டரங்கில்! 2016-17இல் பெரியமேட்டில் ஆடிய அணி, அடுத்த ஆண்டே கோவைக்குக் குடிபெயர்ந்தது. கோவை மக்கள் அதைத் தம் அணியாகவே ஏற்றுக் கொண்டாடினர். அவர்களுக்கு என் வணக்கம். பெயரைக் கொடுத்த நாம் என்ன கொடுத்தோம்?

“நமக்குத்தான் சென்னையின் எஃப்.சி. இருக்கிறதே!” என்று சிலர் சொல்லலாம். உண்மைதான். 2015இலும் 2017-18இலும் இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்ற அணி அது. ஆனால் அதே 2018-19இல் 18 ஆட்டங்களில் 9 புள்ளிகளே பெற்றுக் கடைசி இடத்தில் நின்றது. வெற்றி வரும், போகும். தோற்ற நாளிலும் அரங்கில் வந்து அமர்பவனே ரசிகன்.

சென்னை சிட்டியோ 2020-21க்குப் பிறகு ஐ-லீக்கிலேயே இல்லை. இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். எனினும், கோப்பை மட்டும் ஓர் அணியை வாழவைக்காது என்பது என் துணிபு. 1889இல் பிறந்த மோகன் பகானும் 1920இல் பிறந்த ஈஸ்ட் பெங்காலும் இன்றும் நிலைத்திருக்கக் காரணம் என்ன? அங்கே தந்தை தன் மகனுக்குச் சொத்தோடு அணியையும் விட்டுச் செல்கிறான்!

1920இல் ஹாரி பக் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரி நம் நந்தனத்தில்தான் இருக்கிறது. நம்மிடம் மைதானம் உண்டு. ஆடும் தோழர்களும் உண்டு. கைதட்டத்தான் ஆளில்லை. மாணவ நண்பர்களே, தொலைக்காட்சியில் ஐரோப்பிய ஆட்டங்களை இரவெல்லாம் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நம் கல்லூரி அணி அடுத்த முறை களமிறங்கும் மாலையில், பேருந்து பிடிக்க ஓடாமல் ஒரு மணி நேரம் எல்லைக்கோட்டருகே நில்லுங்கள். ஓர் ஊர் தன் அணியைப் பெறுவது அப்படித்தான் தொடங்குகிறது.