கடலுக்கும் முறை உண்டு

நீர்கொழும்புக் களப்பு வாயிலில், இறால் கடலுக்கு வெளியேறும் வழியிலே கழி நாட்டி வலை கட்டும் மீனவர், எவருக்கு எந்த இடம் என்பதைத் திருவுளச் சீட்டினால் தீர்த்துக்கொள்ளுகின்றனர். சங்கத்தில் சேராதவர் அங்கே வலை கட்டல் இயலாது. அரசாங்கம் கற்பித்த பாடமன்று இது. தலைமுறை தலைமுறையாக அவர்களே பேணிவரும் ஒழுங்கு.

வட கடலிலோ ஒழுங்கு குலைந்து கிடக்கின்றது. பாக்கு நீரிணையின் ஆழம் குறைந்த தரையிலே தழைக்கும் கடற்புல்லுக்குள் மீன்குஞ்சும் இறாற்குஞ்சும் வளர்கின்றன. இழுவைமடி அந்தத் தரையையே உழுது வாரிச் செல்கின்றது. 2017 ஆம் ஆண்டு யூலையில் பாராளுமன்றம் அதனைத் தடைசெய்தது. ஆயினும் தமிழகத்து இழுவைப் படகுகளின் வரவு ஓயவில்லை. நம் சிறு மீனவரின் வலைகள் அறுபடுகின்றன. அயலாரைக் கண்டிக்கும் நாம், அம்மடியைக் கைவிடாதவர் நம்மவருள்ளும் உளர் என்பதை, சொல்லக் கசப்பாயினும், மறைத்தலாகாது.

கடற்படையின் ரோந்து மாத்திரம் இதற்குப் போதாது. மீனவர் குழுக்கள் அமைப்பதற்கு 1996 ஆம் ஆண்டின் கடற்றொழிற் சட்டமே இடந்தந்துள்ளது. எந்தத் துறையில் எந்த வலை, எந்த மாதத்தில் ஓய்வு என்பவற்றைத் தீர்மானிக்கும் உரிமை அக்குழுக்களுக்குப் பெயரளவிலன்றி மெய்யாகவே கிடைத்தல் வேண்டும். அடுத்த பருவம் தொடங்குமுன் அதனை வழங்குமாறு கடற்றொழில் அமைச்சைக் கேட்கின்றோம்.