சாங்கியில் மண் வெட்டியவர்கள்

சென்னைக்கோ திருச்சிக்கோ போக நீங்கள் சிங்கப்பூர் சாங்கியில் விமானம் ஏறியிருக்கலாம், வாசகர்களே. அந்த ஓடுபாதைக்கு முதல் மண்ணை வெட்டியது யார் தெரியுமா?

ஜப்பான்காரன் காலம். 1943-இல் அங்கே போர் விமானத்தளம் போடக் கட்டளை பிறந்தது. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க் கைதிகளை இறக்கினார்கள். மேட்டை வெட்டிச் சதுப்பை நிரப்ப வேண்டும். கையிலோ மண்வெட்டியும் கூடையும். கொளுத்தும் வெயில், அரை வயிற்றுச் சோறு. அவர்களில் பலர் சயாம் மரண ரயிலில் உயிர் தப்பி வந்தவர்கள். அந்த ரயிலைப் பற்றி நம் தோட்டத்து மக்களுக்கு விளக்க வேண்டுமா என்ன? போனவர் திரும்பாத வீடுகள் எத்தனையோ லயங்களில் உண்டு.

1945-இல் ஜப்பான் சரணடைந்தது. பிறகு நடந்ததைக் கேளுங்கள். அதே தளத்தைச் செப்பனிட மண்வெட்டி பிடித்தவர்கள் ஜப்பானியக் கைதிகள்!

1946 முதல் பிரிட்டிஷ் விமானப்படை அங்கே இருந்தது. 1971-இல் மூட்டை கட்டியது. பாய லேபார் விமான நிலையத்தைச் சுற்றி வீடுகள் பெருகி, விரிவாக்க இடமில்லை. ஆகவே 1975-இல் அரசாங்கம் சாங்கியைத் தேர்ந்தெடுத்தது. கடலைத் தூர்த்தார்கள்; பழைய ஓடுபாதையை 4,000 மீட்டருக்கு நீட்டினார்கள். 1981 ஜூலை 1-இல் பயணிகள் வரத் தொடங்கினார்கள்.

விமானத்துக்கு நேரமிருந்தால், அப்பர் சாங்கி சாலைப் பக்கம் அந்தக் கைதிகளின் நினைவாக ஓர் அரும்பொருளகம் இருக்கிறது. பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஓர் எட்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.