பிரவுசர் உங்க கணக்குப்பிள்ளை இல்லை

2024 ஜூலை 24, 25 தேதிகள்ல, விண்டோஸ்ல குரோம் பயன்படுத்துற நிறைய பேருக்கு சேமிச்சு வச்சிருந்த பாஸ்வேர்டுகள் திடீர்னு கண்ணுல படலை. 127-வது பதிப்புல வந்த கோளாறு. கிட்டத்தட்ட 18 மணி நேரம் கழிச்சுத்தான் கூகுள் சரி பண்ணுச்சு. உள்ளே செஞ்ச ஒரு மாற்றத்துக்குச் சரியான தடுப்பு போடலைன்னு ஒரு வரி விளக்கம் கொடுத்தாங்க, அவ்வளவுதான்.

தேதியைக் கவனிச்சீங்களா? அந்த வருஷம் ஐடிஆர் தாக்கல் பண்ண கடைசி நாள் ஜூலை 31. நம்ம ஆளுங்க பலர் போர்ட்டலைத் திறக்கிறதே அந்தக் கடைசி வாரத்துலதான்.

அந்தத் தடவை பாஸ்வேர்டு திரும்பி வந்துடுச்சு. புக்மார்க்கும் செட்டிங்ஸும் போனா அப்படி வரும்னு உத்தரவாதம் இல்லை. புரொஃபைல் ஃபைல் கெட்டுப்போச்சுன்னா, காலைல பிரவுசர் புதுசா வாங்கின மாதிரி வெறிச்சுனு நிக்கும். ஏன்னு சொல்ல ஆள் கிடையாது.

"புக்மார்க்தானே, தேடிக்கலாம்"னு நினைப்பீங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்லை. பணம் புழங்குற தளங்களுக்கு புக்மார்க்ங்கறது வெறும் வசதி இல்லை, அது ஒரு பூட்டு. பேங்க் பேரைத் தேடினா முதல்ல வந்து நிக்கிற விளம்பரம் அந்த பேங்க்கோடதாத்தான் இருக்கணும்னு இல்லை. அதே லோகோ, அதே கலர், முகவரியில ஒரு எழுத்து மட்டும் வேற. புக்மார்க் காணாமப் போன அன்னைக்குத்தான், அதுவும் அவசரத்துல, நீங்க தேடப் போறீங்க. அதுல சிக்கிப் பணம் போயிட்டா உடனே 1930-க்குப் போன் பண்ணுங்க. நேரம் ஆக ஆக மீட்கிறது கஷ்டம்.

முகவரிகளும் அப்படியே இருக்காது. வருமான வரித் துறை 2021 ஜூன் 7-ல புது போர்ட்டலுக்கு மாறினப்ப பழைய முகவரியும் மாறுச்சு. 2025 அக்டோபர் 31-க்குள்ள எல்லா பேங்க்கும் 'டாட் பேங்க் டாட் இன்'னு முடியிற முகவரிக்கு மாறணும்னு ரிசர்வ் வங்கி சொல்லியிருந்துச்சு. உங்க பழைய புக்மார்க்கை ஒரு தடவை திறந்து, முகவரி எப்படி முடியுதுன்னு பாருங்க.

எழுமலை மாதிரி ஊர்ல இருந்து மதுரைக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போன பிள்ளைங்களை நினைச்சுத்தான் முக்கியமா இதை எழுதுறேன். அப்பா காலத்துல போஸ்ட் ஆபீஸ் பாஸ்புக், எல்.ஐ.சி. பாண்டு, நிலப் பத்திரம் எல்லாம் பீரோவுக்குள்ள ஒரு மஞ்சப்பையில இருக்கும். வீட்டுல எல்லாருக்கும் அது தெரியும். உங்ககிட்ட ரெண்டு மியூச்சுவல் ஃபண்டு, ஒரு டீமேட், பி.எஃப்., டேர்ம் பாலிசி இருக்கு. எது எங்க இருக்குன்னு உங்க பிரவுசருக்கு மட்டும்தான் தெரியும். நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, ஊர்ல இருக்கிற அம்மா எதைத் திறந்து பார்ப்பாங்க?

"சிங்க் ஆன்ல இருக்கு சார்"னு சொல்லுவீங்க. சிங்க் வேற, பேக்கப் வேற. ஒரு இடத்துல அழிஞ்சா மத்த இடத்துலயும் அழிக்கிறதுதான் சிங்க்கோட வேலையே. ஆபீஸ் லேப்டாப்ல ஆபீஸ் ஐடியில சேமிச்சிருந்தீங்கன்னா இன்னும் மோசம், ரிலீவிங் அன்னைக்கு எல்லாம் போயிடும்.

குரோம்ல புக்மார்க் மேனேஜருக்குள்ள எக்ஸ்போர்ட் இருக்கு. ஒரு ஹெச்டிஎம்எல் ஃபைலா வரும், பென்டிரைவ்ல போட்டு வைங்க. ஏற்கெனவே தொலைச்சவங்க குரோமைத் திரும்பத் திரும்பத் திறக்காதீங்க. புரொஃபைல் ஃபோல்டர்ல 'புக்மார்க்ஸ் டாட் பேக்'னு ஒரு பழைய நகல் இருக்கலாம். திறக்கிறப்ப அது மேலேயே புதுசு எழுதிடும், அதனால முதல்ல அதை வேற இடத்துக்கு காப்பி பண்ணுங்க. ஃபயர்ஃபாக்ஸ் பரவாயில்லை, தேதி போட்ட பேக்கப்புகளை அதுவே எடுத்து வைக்கும்.

அதோட ஒரு தாள் எடுங்க. எந்த பேங்க், சரியான இணைய முகவரி, ஃபோலியோ நம்பர், யூஏஎன், பாலிசி நம்பர், எந்த மொபைல் நம்பர் பதிவாகியிருக்கு, நாமினி யாரு, எல்லாம் கையால எழுதுங்க. பாஸ்வேர்டும் பின் நம்பரும் மட்டும் அதுல வேண்டாம். அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப அதை அப்பாவோட மஞ்சப்பையிலேயே வச்சிட்டு வாங்க.