பழுதடைந்த கணினியும் நம் பிள்ளைகளும்

பெற்றோர் என் அறைக்கு வந்து கூறும் குறைகளுள் அண்மைக் காலமாக அடிக்கடி செவியுறுவது, "ஐயா, வீட்டுக் கம்ப்யூட்டர் கெட்டுப் போச்சு" என்பதேயாகும். என்ன கெட்டது என வினவினால் விடை கிடைப்பதில்லை. திரை எரியவில்லையா, ஒலி கேட்கவில்லையா, இணையம் வரவில்லையா என்று பிரித்துப் பிரித்துக் கேட்ட பின்னரே ஏதோ ஒன்று வெளிப்படுகின்றது. அதற்குள் பிள்ளை ஒரு வாரப் பாடத்தை இழந்திருப்பான். பழுது எங்கே உள்ளது என்பதைப் பிள்ளைகளே கண்டறியப் பழக வேண்டும் என்பதும், அதற்கு லினக்ஸ் போன்ற திறமூல இயங்குதளம் ஏற்ற களம் என்பதும் என் துணிபு.

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவு 14 அக்டோபர் 2025 அன்று முடிவுற்றது. அதற்கடுத்த பதிப்பை ஏற்கும் தகுதியற்றவை என ஒதுக்கப்பட்ட கணினிகள் பல, நன்றாகவே ஓடக்கூடியவை. நம் பிள்ளைகளின் இல்லங்களில் உள்ளவையும் பெரும்பாலும் அண்ணன்மார் விட்டுச் சென்றவை அல்லது அலுவலகங்கள் கழித்துவிட்டவை தாமே! 1991ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸைக் கொண்டு அமைந்த உபுண்டு, லினக்ஸ் மின்ட் ஆகியவற்றை இக்கணினிகளில் செலவின்றி நிறுவலாம். "இலவசமாகக் கிடைப்பது சரி, கெட்டுப்போனால் யார் பார்ப்பது?" என்று என் உடனாசிரியர் சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்வியே.

தோட்டத்து லயங்களில் வாழ்ந்தோர்க்கு நான் கூறும் முறை புதிதன்று. குழாயில் நீர் வரவில்லையெனில் குழாயைப் பெயர்த்தெறிவார் எவருமிலர். அடுத்த வீட்டுக் குழாயைத் திறந்து பார்ப்பர். அங்கும் வரவில்லையெனில் தொட்டியைச் சென்று காண்பர். இணையத்தையும் அங்ஙனமே அணுகலாம். டெர்மினல் எனப்படும் சாளரத்தில் 'பிங்' என்னும் கட்டளையால் முதலில் வீட்டு ரூட்டரை அழைக்க வேண்டும். அதன் எண் பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என இருக்கும். விடை வந்தால் ரூட்டர் வரையிலான வழி நலம். அடுத்து, கூகுள் நிறுவனத்தின் பொதுச் சேவை எண்ணாகிய 8.8.8.8ஐ அழைத்தால் வெளியுலகத் தொடர்பு உண்டா என்பது தெரியும். பின்னர் ஏதேனும் ஓர் இணையத்தளத்தின் பெயரை அழைக்க வேண்டும். எண் விடை தந்து பெயர் விடை தராவிடில், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். சேவையிலேயே கோளாறு இருக்கக்கூடும். இவ்வளவையும் ஆறாம் ஆண்டு மாணவன் ஐந்து நிமிடத்தில் செய்து முடிப்பான்.

2021ஆம் ஆண்டு, பிள்ளைகள் வீட்டிலிருந்தே பயின்ற காலத்தில், என் இல்லத்து மேசைக் கணினியில் இணையப் பக்கங்கள் ஒன்றுகூடத் திறக்கவில்லை. "தொடர்பு பாதுகாப்பானதன்று" என்னும் எச்சரிக்கையே எங்கும் தோன்றிற்று. பட்டணத்துக் கடை ஒன்றில் காட்டியபோது, மதர்போர்டு போய்விட்டது, புதிய கணினி வாங்குவதே நலம் என்றனர். மனம் ஒப்பாமல் வீட்டிற்கு எடுத்து வந்து, மேற்கூறியவாறு படிப்படியாகச் சோதித்தேன். மூன்று அழைப்புகளுக்கும் விடை வந்தது! ஆக, வழியில் குறையில்லை. அப்போதுதான் திரையின் மூலையிலிருந்த தேதியை நோக்கினேன். அது ஓராண்டுக்கும் மேலாகப் பின்தங்கியிருந்தது. இணையத்தளங்கள் ஒவ்வொன்றும் காட்டும் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கடந்த ஆண்டில் நின்றுவிட்ட கணினிக்கு அச்சான்றிதழ்கள் இன்னும் பிறவாதவை, ஆகவே மறுத்தது. இணையத்திலிருந்து நேரத்தைத் திருத்திக்கொள்ளும் வசதியை நானே எப்போதோ அணைத்து வைத்திருந்தேன். கணினி அணைந்திருக்கும்போது கடிகாரத்தைக் காக்கும் 3 வோல்ட் பொத்தான் மின்கலம், சி.ஆர். 2032 என்பது, உயிரிழந்திருந்தது. அதன் விலை சில ரிங்கிட்டே. கடைக்காரரை நான் குறை கூறவில்லை. அவரும் தேதியைப் பார்க்கவில்லை, முதல் நாள் நானும் பார்க்கவில்லை.

'பிங்' கட்டளை எல்லா இயங்குதளங்களிலும் உண்டு. ஆயினும் லினக்ஸின் தனிச்சிறப்பு வேறு. பென் டிரைவ் ஒன்றில் அதனை ஏற்றி, கணினியின் வட்டைத் தொடாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். அங்ஙனம் ஓட்டும்போது ஒலியும் வைஃபையும் ஒழுங்காக இயங்கினால், பொருளில் பழுதில்லை, மென்பொருளிலேயே பழுது எனத் தெளியலாம். அன்றியும் அது விழித்தெழும்போது கண்டவற்றையெல்லாம் வரிவரியாகப் பதிந்து வைக்கின்றது. படிக்க விரும்புவோர்க்கு மறைப்பதில்லை. பழைய மடிக்கணினிகள் சிலவற்றில், குறிப்பாகப் பிராட்காம் சில்லு உள்ளவற்றில், நிறுவியவுடன் வைஃபை தோன்றாது. அஞ்ச வேண்டா. கைப்பேசியை யு.எஸ்.பி. கேபிளால் இணைத்து அதன் இணையத்தைக் கொண்டு உரிய டிரைவரைப் பெறலாம். இடி மின்னல் மிகுந்த மாலைகளில் ரூட்டரையும் கணினியையும் மின்சாரத்திலிருந்து கழற்றி வைத்தல் நன்று. மின்வழங்கிப் பெட்டியை மட்டும் பிள்ளைகள் திறத்தலாகாது. இணைப்பை நீக்கிய பின்னரும் அதனுள் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

எல்லாம் தீரும் என நான் கூறவில்லை. சில அச்சுப்பொறிகள் லினக்ஸுடன் ஒத்துவாராமலே போகும். அதைவிட எனக்குக் கவலை தருவது, முகமறியார் எழுதிய கட்டளைகளைப் பொருளறியாது, 'சூடோ' என்னும் தலைமை அதிகாரத்தோடு அப்படியே ஓட்டிவிடும் பழக்கம். ஒரே வரியில் வட்டு முழுவதும் அழிந்துபோகலாம்.

ஆகவே, பெற்றோர் பெருமக்களே, வீட்டுக் கணினியின் அருகில் பயிற்சிப் புத்தகம் ஒன்றை வையுங்கள். என்று கெட்டது, கெடுவதற்கு முன் என்ன செய்தோம், எதைச் சோதித்தோம், என்ன விடை வந்தது என்பவற்றைப் பிள்ளை தன் கையால் எழுதட்டும். அடுத்த முறை என்னிடமோ கடைக்காரரிடமோ வரும்போது அப்புத்தகத்தையும் கொண்டு வாருங்கள். முதலில் அதைத்தான் கேட்பேன்.