தலைவர்தான் பேசறேன்

தண்ணீர் வரவில்லை என்று ஊராட்சித் தலைவரம்மாவுக்குப் போன் போட்டால், எடுப்பது அவருடைய வீட்டுக்காரர். "சொல்லுங்க, தலைவர்தான் பேசறேன்" என்கிறார், கூச்சமே இல்லாமல்! அலுவலகச் சுவரில் எழுதியிருக்கும் எண்ணே அவருடையதுதான். பொங்கலுக்கு வைத்த ஃபிளெக்ஸில் ஆளுயரத்துக்குக் கைகூப்பி நின்றவரும் அவரே. அம்மா ஒரு மூலையில், பாஸ்போர்ட் சைஸில்.

1996 உள்ளாட்சித் தேர்தலிலேயே பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் வந்துவிட்டது. 2016-ல் சட்டத்தைத் திருத்திப் பாதியாக்கினார்கள். சட்டம் நாற்காலியைக் கொடுத்துவிட்டது. உட்கார ஊர் விட வேண்டுமே! அதிலும் தலைவர் பட்டியலினப் பெண் என்றால் கேட்கவே வேண்டாம். கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, தலைவரைத் தரையில் உட்கார வைத்த படத்தை 2020-ல் நாடே பார்த்தது.

வீட்டுக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை. எந்தத் தெருவுக்கு சிமென்ட் சாலை, எந்தப் பக்கம் குழாய் என்பதெல்லாம் ராத்திரி எட்டு மணிக்கு மேல் டீக்கடை பெஞ்சில் முடிவாகிறது. அங்கே ஒரு பெண் போய் உட்கார்ந்து டீ குடித்துவிட முடியுமா? விடிவதற்குள் மாமியார் காதுக்குச் சேதி போய்விடும். வருடத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறதே என்பீர்கள். நடக்கிறது. பெஞ்சில் முடிந்ததைத் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள்.

போன கூட்டத்தில் குப்பை வண்டி ஏன் வருவதில்லை என்று கேட்டேன். அம்மா மைக்கைப் பிடித்து, "அது வந்துங்க, டயர் மாத்தின பில்லு இன்னும் பாஸாகல..." என்று ஆரம்பித்தார். விஷயம் தெரிந்துதான் பேசினார். பின்னாலிருந்து வீட்டுக்காரர் எழுந்தார். "நீ இரு, நான் சொல்றேன்." ஊராட்சிச் செயலர் மைக்கை வாங்கி அவர் கையில் கொடுத்தார், அதுதான் முறை என்பதுபோல. எனக்கு வந்த ஆத்திரத்தில், "அம்மாவே சொல்லட்டுமே" என்றேன். உடனே பதில் வந்தது, அதுவும் பெண்கள் வரிசையிலிருந்து: "ஆம்பள பேசறப்ப அவ எதுக்கு நடுவுல?"

இத்தனைக்கும் அந்த அம்மா மகளிர் குழுவின் கணக்கை வருடக்கணக்காகப் பார்த்தவர். வங்கிக் கடனை வாங்கிப் பிரித்துக்கொடுத்து, பாக்கியில்லாமல் வசூலித்துக் கட்டியவர். தவணை தராதவர்கள் வாசலில் போய் நின்று அவர் போடும் சத்தம் தெருமுனை வரை கேட்கும். அப்போதெல்லாம் யாருக்கும் அவர் பொம்பளை என்ற நினைப்பு வரவில்லை. மைக்கைப் பிடித்ததும் வந்துவிட்டது.

அடுத்த தேர்தலில் எங்கள் ஊராட்சி பொதுவாகிவிடும் என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. பெஞ்சில் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருந்ததை என் தம்பி வந்து சொன்னான்: "பொதுவாயிட்டா நானே நின்னுக்கறேன். அவளுக்கு எதுக்கு வீணா அலைச்சல்?"