வேகமான வன்தட்டும் வேகமான கணினியும்

பழைய கணினி தளர்ந்து நடக்கத் தொடங்கியதும், வன்தட்டை மாற்றினால் போதும் என்று ஒரு சாரார் சொல்வார்கள். அது வீண் செலவு, புதிய கணினியையே வாங்கிவிடுங்கள் என்பார்கள் மற்றொரு சாரார். கணினி எதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறது என்று இரு தரப்பாருமே கேட்பதில்லை. விடை அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

சுழலும் வன்தட்டின் தாமதம் அடிப்படையில் இயந்திரத்தின் தாமதம். படிக்கும் முனை உரிய தடத்துக்கு நகரவேண்டும். வேண்டிய இடம் சுழன்று அதன் கீழ் வந்து சேரவேண்டும். நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டுக்கு ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 11 மில்லிவினாடி ஆகிறது. 7,200 முறை சுழல்வதற்கு 8. சராசரிக் காத்திருப்பு அரைச் சுற்று என்பதால், வேகமான தட்டு மிச்சப்படுத்துவது ஒவ்வொரு தேடலிலும் ஒன்றரை மில்லிவினாடிக்கும் குறைவே. முனை நகர்வதற்கான நேரமோ பெரிதும் அப்படியே இருக்கிறது. ஆகவே ஒரு சுழல்தட்டுக்குப் பதில் சற்று வேகமான இன்னொரு சுழல்தட்டு என்பது பெரிய ஆதாயமில்லாத மாற்றம்.

ஐபிஎம் 1956இல் வெளியிட்ட முதல் வன்தட்டு, ஒரு பதிவைத் தேடியெடுக்கச் சராசரியாக 600 மில்லிவினாடி எடுத்துக்கொண்டது. அரை நூற்றாண்டில் அது ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்காகக் குறைந்தது. அதே காலத்தில் செயலிகளின் வேகம் லட்சக்கணக்கான மடங்கு பெருகிவிட்டது. இந்த இடைவெளியே நம் பழைய கணினிகளின் நோய். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி, ஏறத்தாழ பத்தில் ஒரு மில்லிவினாடியில் தகவலைத் தந்துவிடுகிறது. இயங்குதளம் விழித்தெழும்போது சிதறிக்கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படிக்கவேண்டியிருப்பதால், அந்த வேறுபாடு அப்போதே கண்ணுக்குத் தெரிகிறது.

ஆனால் இதற்கும் எல்லை உண்டு. ஒரு பகுதியை எவ்வளவு விரைவுபடுத்தினாலும், மொத்த நேரத்தில் அப்பகுதிக்குரிய பங்குக்கு மேல் மிச்சமாகாது என்பதை 1967இல் ஜீன் அம்டால் விளக்கினார். பத்து வினாடி வேலையில் எட்டு வினாடி தட்டுக்காகக் கழிகிறதென்றால் மாற்றம் பயன் தரும். ஒரு வினாடிதான் கழிகிறதென்றால் எவ்வளவு விலையுயர்ந்த தட்டும் ஒன்பது வினாடியைக் குறைக்காது. எஸ்எஸ்டி வைத்திருப்பவர் அதனினும் வேகமான எஸ்எஸ்டிக்கு மாறும்போது ஏமாற்றம் அடைவது இதனால்தான். நினைவகம் போதாமல் கணினி தட்டையே நினைவகமாகப் பயன்படுத்தித் திணறுகிறதென்றால், முதலில் கூட்டவேண்டியது நினைவகத்தை.

2025 அக்டோபரில் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு நின்றபின், நன்றாக இயங்கும் எத்தனையோ கணினிகள் பழைய இரும்பாகிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் பலவற்றை ஓர் எஸ்எஸ்டியும் லினக்ஸும் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கவைக்கும். எழுதவும் படிக்கவும் மட்டுமே கணினி தேவைப்படும் நம்மைப் போன்றவர்களுக்கு அது தாராளமாகப் போதும். புதிய கணினிக்குப் பணம் எடுத்துவைக்குமுன் இதை ஒருமுறை முயன்று பார்க்கவேண்டும் என்பதே என் கருத்து. தட்டைக் கழற்றுமுன் எழுதியவற்றை எல்லாம் வேறோரிடத்தில் படியெடுத்துக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டியும் ஒருநாள் சத்தமின்றிச் செத்துப்போகக்கூடியதுதான்.